கற்படுக்கை முதல் உதவித்தொகை வரை: சேலம், நாமக்கல் சமவெளியில் முதியோர் பேணலின் வரலாறு

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்து தென்கரையை அடைவோர், சிறிது தொலைவில் வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையைக் காண்பர். இன்று முருகன் கோயில் விளங்கும் அக்குன்றின் குகைத்தளங்களில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. புகழூர்க் கல்வெட்டுகள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பவை இவையே. சேர மன்னர் மூன்று தலைமுறையினர் பெயர்களை வரிசையாகத் தருவதனால் இக்கல்வெட்டுகள் தமிழக வரலாற்றில் தனியிடம் பெற்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என அவ்வரிசை அமைகிறது. பதிற்றுப்பத்தில் பாடப்பெற்ற சேரரோடு இம்மூவரையும் ஒப்புநோக்கி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர்.

மன்னர் பெயர்களை ஆராய்ந்த அளவுக்கு, அந்த உறையுள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் அமண முனிவருக்காக அது வெட்டப்பட்டது. கல்வெட்டு அவரை 'மூதா அமண்ணன்' என்று சுட்டுகிறது. மூத்தவர், முதியவர் என்பது அச்சொல்லின் பொருள். இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்ற காலத்தில் இவ்வறம் செய்யப்பட்டது என்பது ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் தரும் விளக்கமாகும். கி.பி. 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என இதனைக் கருதுவர். ஓர் அரச குடும்பம் தன் மகிழ்ச்சி நாளில் மூத்த துறவி ஒருவர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிப் படுக்க இடம் அமைத்துத் தந்தது என்பதே அக்கல் சொல்லும் செய்தி.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் எல்லையை ஒட்டி நிற்கும் இக்கல்வெட்டு, இந்நிலப்பகுதியில் முதியோர் பேணலுக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று எனலாம். அந்நாள் தொடங்கி இந்நாள் வரை, முதுமையுற்றோரைப் பேணும் கடமை யாரிடம் இருந்தது, எவ்வாறு அது குடும்பத்தையும் அறக்கொடையையும் கடந்து அரசின் கடமையாயிற்று என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடும்பமும் பஞ்சமும்

துறவிக்கு உறையுள் அமைத்தல் அரசர்க்கும் வணிகர்க்கும் உரிய அறமாகக் கருதப்பட்டது. இல்லறத்தில் மூத்தோரின் நிலை வேறு. அவர்களைப் பேணுவது மக்களின் கடமை என்பதில் இந்நாட்டில் எச்சமயத்தாரிடையிலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. நிலம் இருந்த குடும்பத்தில் மூத்தவர் கையில் நிலம் இருந்தது. அவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. ஆயின் நிலமற்ற கூலிக் குடும்பத்தில், மக்கட்பேறு இல்லாத வீட்டில், கணவனை இழந்து தனித்து நின்ற பெண்ணிடத்தில், அந்தக் கடமையைச் செய்வதற்கு ஆள் இருந்ததில்லை. அத்தகையோர் ஊராரின் ஈகையை நம்பியே வாழ்ந்தனர். நல்ல விளைச்சல் ஆண்டில் ஈகை இருந்தது. வறட்சி ஆண்டில் ஈவோரும் இரப்போராயினர்.

இவ்வுண்மையைச் சேலம் மாவட்டம் உணர்ந்த காலம் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் நின்றது அதுவே. சென்னை மாகாணத்தில் கொடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 19½ இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் 16 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கினையும் தன்னுள் கொண்டிருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்பஞ்சத்திற்குப் பின் அமைக்கப்பட்ட பஞ்சக் குழு 1880-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் அடிப்படையில் மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. உடல் வலிமை உடையோர்க்குச் சாலை, ஏரி வேலைகளில் கூலி தருதல். வேலை செய்ய இயலாத முதியோர், நோயாளர், ஊனமுற்றோர் ஆகியோர்க்கு வேலையின்றியே உதவி வழங்குதல் என இரு வகையாக நிவாரணம் பிரிக்கப்பட்டது. முதுமையால் உழைக்க இயலாதவர்க்கு அரசு உணவளிக்க வேண்டும் என்னும் கருத்து, பஞ்ச காலத்திற்கு மட்டும் உரிய விதியாகவேனும், அரசின் ஏட்டில் அப்போது இடம்பெற்றது. பஞ்சம் நீங்கியதும் அந்தக் கடமையும் நீங்கியதாகவே அன்றைய ஆட்சியினர் கொண்டனர். மழை பெய்தவுடன் முதியவர் இளையவராகிவிடுவதில்லை என்னும் எளிய உண்மை, ஆட்சியின் கணக்கில் ஏற மேலும் பல பத்தாண்டுகள் வேண்டியிருந்தன.

நூற்புக் கதிரும் காந்தி ஆசிரமமும்

இடைப்பட்ட காலத்தில் இப்பகுதியில் நிகழ்ந்த முயற்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. சேலம் நகரசபைத் தலைவராக 1917 முதல் 1919 வரை பணியாற்றிய இராஜாஜி, 1925 பிப்ரவரி 6-ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதனைத் தொடங்கிவைத்தவர் பெரியார் ஈ.வெ. இராமசாமி ஆவார். மழை பொய்க்கும் அந்த மேட்டுநிலத்தில் கைந்நூற்பின் வாயிலாக ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய் தேடித் தருவது ஆசிரமத்தின் முதன்மைப் பணியாயிற்று.

நூற்பு முதுமையிலும் செய்யத்தக்க தொழில். களை எடுக்கவும் கல் சுமக்கவும் இயலாத மூதாட்டியும் திண்ணையில் அமர்ந்து கதிர் சுழற்றலாம். முதியோர்க்கென்று தனித்து வகுக்கப்பட்ட திட்டம் அன்று எனினும், தம் கையால் ஈட்டிய சில காசுகள் ஒரு முதிய பெண்ணுக்கு வீட்டில் எத்தகைய நிலையைத் தரும் என்பதை இந்த முயற்சி உணர்த்தியது. உதவி பெறுதலைக் காட்டிலும் உழைத்துப் பெறுதலையே முதியோர் பெரிதும் விரும்புவர். உழைக்கவே இயலாத நிலையில் என் செய்வது என்னும் வினா மட்டும் விடையின்றி நின்றது.

இருபது ரூபாயின் தொடக்கம்

அவ்வினாவுக்கு மேலை நாடுகள் சில முன்னரே விடை கண்டிருந்தன. செருமனி 1889-இல் உழைப்பாளர்க்கு முதுமைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றி, 1909 சனவரி முதல் நாளிலிருந்து 70 வயதடைந்த வறியோர்க்கு வாரம் 5 சில்லிங் வரை வழங்கலாயிற்று. அதே இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த இந்தியக் குடிமக்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட நம் அரசமைப்பின் 41-ஆம் உறுப்பு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமையை, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, உறுதிசெய்ய வேண்டும் என்று நெறியுறுத்துகிறது. இது நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க உரிமையன்று. ஆட்சிக்கு வழிகாட்டும் நெறியேயாகும். எனினும் அந்நெறியை ஏற்று மாநிலங்கள் ஒவ்வொன்றாக முன்வந்தன. 1957-இல் உத்தரப் பிரதேசம் முதலில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. சென்னை மாநிலம் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரல் முதல் நாளில் இத்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. திங்கள் ஒன்றுக்கு 20 ரூபாய் என்பது தொடக்கத் தொகை.

தொகை சிறிது, ஆயினும் அதன் பொருள் பெரிது. பஞ்சம் இல்லாத காலத்திலும், எவ்விதக் கைம்மாறும் கருதாமல், முதுமை ஒன்றனையே காரணமாகக் கொண்டு ஒருவர்க்கு அரசு மாதந்தோறும் பணம் தருவது இந்நாட்டிற்குப் புதியது. அக்காலத்தில் விண்ணப்பம் மணியக்காரர், கர்ணம் வழியாக வட்ட அலுவலகத்தை அடைந்தது. வருவாய்த் துறையினர் விசாரித்துப் பரிந்துரைக்க, ஆணை பிறந்தது. பின்னர் மாதந்தோறும் அஞ்சற்காரர் மணியார்டர் படிவத்தோடு வந்து திண்ணையில் அமர்ந்து, கைந்நாட்டு வாங்கிப் பணத்தை எண்ணித் தருவார். கிராமத்து முதியோர் பலர் தம் பெயருக்கு அஞ்சல் ஒன்று வரக் கண்டது அதுவே முதல் முறை.

ஒரு தடை மட்டும் தொடக்கம் முதலே உடன் வந்தது. ஆதரவற்றோர்க்கே உதவி என்பது விதி. பேணத்தக்க மக்களோ உறவினரோ இருப்பின் உதவிக்கு இடமில்லை. பேணத்தக்கோர் இருத்தல் வேறு, பேணுதல் வேறு. மகன் இருக்கிறான் என்னும் காரணத்தால் உதவி மறுக்கப்பட்டு, அம்மகனாலும் கைவிடப்பட்டவர் இரு பக்கமும் ஆதரவு இழந்தார். விதிகள் காலப்போக்கில் தளர்த்தப்பட்டன எனினும், இவ்விடர்ப்பாடு முற்றும் நீங்கியதாகக் கூற இயலாது.

வளர்ந்த வரலாறு

1962-இல் நடப்பட்ட செடி பின்னர்ப் பல கிளைகள் விட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974-இலும், ஆதரவற்ற கைம்பெண்களுக்கு 1975-இலும், ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981-இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-இலும் தனித்தனி உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. 50 வயதைக் கடந்த மணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008-இல் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 1983 சனவரியில் முதியோர் உதவித்தொகை பெறுவோர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. பள்ளிக் கூடத்தில் பேரன் உண்ணும் அதே உணவைப் பாட்டியும் பெறும் நிலை உருவாயிற்று. உதவித்தொகை பெறுவோர்க்கு விலையில்லா அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலையும் வழங்கும் வழக்கமும் நிலைபெற்றது.

நடுவணரசு இத்துறையில் அடியெடுத்து வைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் 65 வயதடைந்த வறியோர்க்கு மாதம் 75 ரூபாய் அளிக்கப்பட்டது. 2006-இல் அது 200 ரூபாயாயிற்று. 2007-இல் திட்டம் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. 2011-இல் வயது வரம்பு 60 எனக் குறைக்கப்பட்டு, 80 வயதைக் கடந்தோர்க்கு 500 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 60 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கான நடுவணரசின் பங்கு அந்த 200 ரூபாயில் பல ஆண்டுகள் நின்றுவிட்டது. எஞ்சியதை மாநில அரசே ஈடுசெய்கிறது. 2011-இல் தமிழ்நாட்டில் உதவித்தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஆகஸ்டு முதல் அது 1,200 ரூபாய். எல்லா வகை உதவித்தொகைகளையும் சேர்த்து மாநிலத்தில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன் பெறுகின்றனர்.

1,200 ரூபாயை முப்பது நாளுக்குப் பகுத்தால் நாள் ஒன்றுக்கு 40 ரூபாய். இரு வேளைத் தேநீருக்கும் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் அது போதும் என்று சொல்வதும் எளிதன்று. 1962 முதல் தொகை அறுபது மடங்கு பெருகியுள்ளது. ஆனால் விலைவாசியும் உடன் பெருகியுள்ளது. உயர்வுகள் ஒழுங்கான கால இடைவெளியில் வந்தவையல்ல. ஆட்சியாளரின் அறிவிப்புக்கேற்ப வந்தவை. அரசு ஊழியர் ஓய்வூதியம் விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படியோடு ஆண்டுதோறும் உயர்வதையும், வறியவரின் உதவித்தொகை அவ்வாறு உயராததையும், ஓய்வூதியம் பெறும் ஆசிரியன் என்ற முறையில் நான் எண்ணாமல் இருக்க இயலவில்லை. ஒன்று உழைப்பின் பயன், மற்றது உதவி என்பார் உளர். வாழ்நாள் முழுதும் பிறர் வயலில் நாற்று நட்டவரும், தறிக்குழியில் கால் மடக்கி அமர்ந்து நெய்தவரும் உழைக்காதவரல்லர். அவர்கள் உழைப்புக்குப் பணிப்பதிவேடு இல்லை என்பதே வேறுபாடு.

இந்நிலையை ஓரளவு உணர்ந்தே 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழி அமைந்த நல வாரியங்களில் பதிவு செய்த அமைப்புசாராத் தொழிலாளர், 60 வயதில் ஓய்வூதியம் பெற வழியுண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி ஆகிய ஊர்களில் விசைத்தறிகளில் உழைப்போர்க்கும், கட்டடத் தொழிலாளர்க்கும் இது பெரிதும் உரியது. கூட்டுறவுச் சங்க உறுப்பினரான கைத்தறி நெசவாளர்க்குத் தனி முதியோர் ஓய்வூதியத் திட்டமும் உள்ளது. பதிவையும் புதுப்பித்தலையும் உரிய காலத்தில் செய்யாமையால் உரிமையை இழந்தோர் பலர் என்பது ஊரறிந்த செய்தி.

மக்கள் கடமையும் சட்டத்தின் துணையும்

உதவித்தொகை வறியோர்க்கு உரியது. வறுமையில்லாத வீட்டிலும் முதியோர் கைவிடப்படுதல் உண்டு. அந்நோய்க்குச் சட்டமே மருந்தாக முயன்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோரைப் பேணும் கடமையை மகன், மகள் இருவர்க்கும் உரியதாக்கியது. அச்சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியர்க்கும் பொருந்தும் என்பதனால் நம் குடும்பங்களும் அதற்கு உட்பட்டவையே. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, பெற்றோர் நீதிமன்றத்தில் வாழ்க்கைப்படி கோர வழிசெய்தது. ஆயினும் நீதிமன்ற வழக்கு என்பது முதியோர்க்கு எட்டாத தொலைவில் இருந்தது. வழக்கறிஞர் கட்டணமும் ஆண்டுக்கணக்கான அலைச்சலும் அவர்களைத் தடுத்தன.

இக்குறையை நீக்க 2007-இல் நாடாளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009-இல் வந்தன. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் அமைகிறது. சேலம் மாவட்டத்தில் சேலம், மேட்டூர், ஆத்தூர், சங்ககிரி ஆகிய நான்கு கோட்டங்களும், நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய இரு கோட்டங்களும் உள்ளன. முதியவர் தம் விண்ணப்பத்தை அங்கு அளிக்கலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சென்ற நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முடிவு காண வேண்டும். தனிக் காரணம் இருப்பின் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வாழ்க்கைப்படி வழங்க ஆணையிடலாம். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியர் நிலையில் நடைபெறும். மக்களில்லாத முதியவர், தம் சொத்துக்கு உரியவராகும் உறவினரிடமிருந்தும் பராமரிப்புக் கோரலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. முதியவரைப் பேணும் பொறுப்புடையவர் அவரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்கேனும் விட்டுச் செல்வது 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவை நம் குடும்பத்து மூத்தோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல்நலத் தேவைகளையும் செய்து தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஒருவர் தம் சொத்தைக் கொடையாக எழுதித் தந்து, பெற்றவர் அந்நிபந்தனையைக் காவாவிடின், அப்பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருத்தல் இன்றியமையாதது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2025 சனவரியில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், முதியோர் நலம் காக்கும் சட்டம் ஆதலின் அதன் நோக்கம் நிறைவேறுமாறு பரந்த நிலையில் பொருள் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. ஆகவே செட்டில்மென்ட் பத்திரம் எழுதுவோர், பேணல் பற்றிய நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவிப்பது அறிவுடைமை. பிள்ளைகள் மேல் ஐயம் கொள்வதாக இதனைக் கருத வேண்டா. நல்ல பிள்ளைக்கு இந்த வரியால் இழப்பு ஏதும் இல்லை.

பிணி தீர்க்கும் முயற்சி

முதுமையோடு பிணி சேரும்போதே துயர் மிகுகிறது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்த பெருமை தமிழ்நாட்டிற்கு உரியது. மருத்துவர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1988-இல் உள்நோயாளர் பிரிவும், 1996-இல் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் வந்தன. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

சென்னையில் மருத்துவமனை இருப்பது ஆத்தூரை அடுத்த சிற்றூரில் முழங்கால் வலியோடு இருப்பவர்க்கு எவ்வாறு பயன்படும் என்னும் கேள்வி எழுதல் இயல்பு. அதற்கு விடையாக அமைந்ததே மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்னும் ஊரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதனைத் தொடங்கிவைத்தார். பழைய சேலம் மாவட்டப் பரப்புக்குள் அடங்கிய ஊர் அது. அவ்வூரின் பெயரொலி நம் செவியை ஈர்க்கும். ஆயினும் பெயர் ஒன்றனையே கொண்டு வரலாறு கட்டுதல் முறையன்று. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே கொணர்ந்து தருகின்றனர். இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பேணலும் வீடு தேடி வருகின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் துறைகளுக்கிடையிலான பணிக்குழு 2024-இல் இத்திட்டத்திற்கு விருது வழங்கியது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், 70 வயதைக் கடந்தோர் இல்லத்திற்கே நியாயவிலைக் கடைப் பொருள்களைக் கொண்டு சேர்க்க முற்பட்டது. முதியவர் அலுவலகத்தைத் தேடிச் சென்ற காலம் மாறி, அலுவலகம் முதியவரைத் தேடி வரத் தொடங்கியிருப்பது இவ்வரலாற்றின் அண்மைக் கட்டமாகும்.

சமவெளியின் இன்றைய நிலை

2011 குடிக்கணக்கின்படி இந்திய மக்களில் 60 வயதைக் கடந்தோர் 100-க்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். 2031-இல் தமிழ்நாட்டில் இது 18.2 ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதியவராக இருக்கும் சமுதாயத்தை நோக்கி நாம் செல்கிறோம்.

இச்சமவெளியின் தொழில்களையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அவ்வண்டிகளோடு செல்லும் இளைஞர் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. படித்தோர் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். ஊரில் எஞ்சியிருப்போர் முதியோர். நம் சமூகத்தின் நிலையும் இதற்கு வேறன்று. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவும் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டத்து ஊர்களில் வேர் கொண்டவை. பணி காரணமாகச் சேலத்திற்கும் பிற நகரங்களுக்கும் வந்தோர், சொந்த ஊரில் தாய் தந்தையரை விட்டு வந்துள்ளோம். நம் பிள்ளைகள் நம்மை இங்கே விட்டு மேலும் தொலைவு சென்றுள்ளனர். இவர்களில் பலர் வறியோரல்லர். மருத்துவமனைக்கு உடன் செல்லவும், இணைய வழி விண்ணப்பம் நிரப்பவும், மாலையில் பேசவும் ஆள் இல்லாமையே அவர்களின் குறை.

அரசின் திட்டங்கள் பலவும் விண்ணப்பத்தில் தொடங்கி விண்ணப்பத்தில் முடிகின்றன. உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பர். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். ஆதார் அட்டையில் வயது தவறாக இருந்தாலும், கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாவிட்டாலும் பணி நின்றுவிடும். இவ்விடத்தில் ஓர் இளையவரின் ஒரு மணி நேரம், முதியவர் ஒருவரின் ஓராண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாய்ப்பைத் தந்துள்ளது. தாமே விண்ணப்பிக்க இயலாத முதியவர் சார்பில், அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் உதவி எண்ணும் 2021 அக்டோபர் முதல் நாடு முழுதும் இயங்குகிறது. நம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் திருவிழாவுக்கு ஒன்றுகூடும் நாளில், ஒரு மேசையும் படிக்கத் தெரிந்த இரு இளைஞரும் இருந்தால், விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். தனித்து வாழும் மூத்தோர் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் கேட்கும் பொறுப்பை இளைஞர்க்குப் பகிர்ந்தளிக்கலாம். பெருஞ்செலவு வேண்டா, முதியோர் இல்லம் கட்ட நிதி திரளும் வரை காத்திருக்கவும் வேண்டா. நம் சமூகத்தார் என்ற எல்லையோடு நில்லாமல், அடுத்த தெருவில் வாழும் தறித் தொழிலாளிக்கும் அந்த மேசை பயன்பட வேண்டும்.

அரசு எத்துணைத் திட்டம் வகுத்தாலும் அதனை முதியவர் கையில் கொண்டு சேர்க்க இடையில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். மணியார்டர் கொண்டுவந்த அஞ்சற்காரரும், இன்று மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரும் அத்தகையோரே. ஆறுநாட்டார் மலையில் ஆணையிட்டவர் அரசர். கல்லைச் செதுக்கியவர் பெயரறியாத ஒருவர். அவர் பாறையின் கரடுமுரடான பகுதியை ஒரு முதியவர் படுக்கும் அளவுக்கு வழவழப்பாக்கினார். அப்பணி இன்றும் முடிவுறவில்லை. நம் ஒவ்வொருவர் இல்லத்திலும், தெருவிலும், சொந்த ஊரிலும் அது நமக்காகக் காத்திருக்கிறது.